ஒருவர் உருட்ட, எல்லாரும் எழுத

குடியிருப்புச் சங்க விழா என்றால் தம்போலா இல்லாமல் இருக்காது. மைக்கில் ஒருவர் எண்ணைக் கூவுவார். சீட்டில் அந்த எண் இருந்தால் அடிப்போம். இல்லையென்றால் போண்டாவைக் கடிப்போம். மூளைக்கு வேலை கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேனாவும் கையுமாக இருக்கும் அந்தக் கலகலப்பு குறையாமல், கொஞ்சம் யோசிக்கவும் வைக்கிற பகடை ஆட்டம் ஒன்று உண்டு. ஜெர்மனிக்காரர் ஸ்டெஃபன் பென்டார்ஃப் உருவாக்கி, 2012-ல் வெளிவந்த ‘குவிக்ஸ்’. கால் மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆறு பகடைகள்: இரண்டு வெள்ளை, சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் தலா ஒன்று. ஆளுக்கு ஒரு தாள், அதில் நான்கு வண்ண வரிசைகள். சிவப்பிலும் மஞ்சளிலும் எண்கள் 2-லிருந்து 12 வரை ஏறும். பச்சையிலும் நீலத்திலும் 12-லிருந்து 2-க்கு இறங்கும். ஒருவர் ஆறையும் சேர்த்து உருட்டுவார். இரண்டு வெள்ளைகளின் கூட்டுத்தொகை எல்லாருக்கும் பொது. வேண்டியவர்கள் வேண்டிய வண்ணத்தில் அந்த எண்ணை அடித்துக்கொள்ளலாம். பிறகு உருட்டியவருக்கு மட்டும் ஒரு சலுகை: ஒரு வெள்ளையையும் ஒரு வண்ணப் பகடையையும் கூட்டி, அந்த வண்ணத்தில் இன்னொரு எண்ணை அடிக்கலாம். இரண்டில் ஒன்றைக்கூட அவர் அடிக்கவில்லையென்றால் ஐந்து புள்ளி அபராதம். மற்றவர்கள் சும்மா இருந்தால் தண்டனை இல்லை.

இவ்வளவுதானா என்று தோன்றும். சூட்சுமம் ஒரே ஒரு விதியில் இருக்கிறது: இடமிருந்து வலமாகத்தான் போகலாம். தாண்டிய எண் போனது போனதுதான்.

முதல் உருட்டலிலேயே வெள்ளையில் 7 விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பகடையில் அடிக்கடி விழும் எண் அதுதான், 36-க்கு 6 முறை. ஆசைப்பட்டுச் சிவப்பில் அடித்தால் 2 முதல் 6 வரை ஐந்து கட்டங்கள் காலி. அந்த ஐந்தில் ஏதாவது ஒன்று விழும் வாய்ப்பு 36-க்கு 15. அவ்வளவையும் ஒரே கோட்டில் தொலைப்பதா? மாறாக 5 விழுந்தால் தாண்டுவது 2, 3, 4 மட்டுமே; மூன்றும் சேர்ந்தே 36-க்கு 6 தான். அது கட்டுப்படியாகும். இந்தக் கணக்கு தெரியாத எட்டு வயதுப் பிள்ளையும் நாலு ஆட்டத்தில் அதை விரல் நுனியில் பிடித்துவிடும் என்பதுதான் அழகு.

புள்ளிக் கணக்கு இன்னும் சீண்டும். வரிசையில் முதல் கோட்டுக்கு 1, இரண்டாவதற்கு 2 என்று ஏறிக்கொண்டே போகும். ஐந்து கோடுகளுக்கு 15 புள்ளி, பத்துக்கு 55. ஆகவே நான்கு வரிசையிலும் கொஞ்சம் கொஞ்சம் தூவுகிறவரை, ஒன்றிரண்டைப் பிடித்துக்கொண்டு வளர்க்கிறவர் ஜெயிப்பார். கடைசி எண்ணை அடிக்க அந்த வரிசையில் ஏற்கெனவே ஐந்து கோடுகள் வேண்டும். அடித்தால் கூடுதலாக ஒரு கோடு, வரிசைக்குப் பூட்டு, அந்த வண்ணப் பகடை மேசையை விட்டே வெளியே. பக்கத்தில் இருப்பவர் பார்த்துப் பார்த்து வளர்த்த சிவப்பு, நம் ஒரு கோட்டில் நின்றுபோகும். இரண்டு வரிசைகள் பூட்டப்பட்டாலோ, யாராவது நான்காவது அபராதம் வாங்கினாலோ ஆட்டம் முடிந்தது.

ஜெர்மனியின் பெரிய விளையாட்டு விருதான ‘ஸ்பீல் டெஸ் யாரஸ்’-க்கு 2013-ல் இது இறுதிப் பட்டியல் வரை போனது. விருதை ‘ஹனாபி’ என்ற சீட்டாட்டம் கொண்டுபோனது. எண்களையும் வண்ணங்களையும் கலைத்துப்போட்ட புதுத் தாள்களும் பிறகு வந்தன. பழைய தாளே எனக்குப் போதும்.

பெட்டியில் 2 முதல் 5 பேர் என்றிருக்கிறது. ஐந்து பேர் உட்கார்ந்தால் நம் கைக்குப் பகடை வருவதே அபூர்வம். வண்ணச் சலுகையை மறந்து வெள்ளையை நம்பியே ஓட்ட வேண்டும். என்னைக் கேட்டால் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு. கையில் பேனாவே கொடுங்கள். பென்சில் கொடுத்தால், தாண்டிய எண்ணுக்கு நைசாகத் திரும்பிப் போகிற ஆள் எந்தக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார்.