மோட்டார் வண்டியில் ஸ்பார்க் பிளக்கு மாற்றும் காலமும் முறையும்

சென்னையில் முதன்முதலாக மோட்டார் வண்டி வைத்திருந்தவர்களுள் பாரி கம்பெனியின் யார்க் துரையும் ஒருவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அடையாற்றிலிருந்த தம் இல்லத்தினின்று கடற்கரையை அடுத்த தம் அலுவலகத்துக்கு அவ்வண்டியிலேயே சென்று வந்தார். அதே அடையாற்றங்கரையில் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெள்ளம் புகுந்தபோது எண்ணிறந்த வண்டிகள் நீரில் மூழ்கின. ஆற்றோரக் கிராமங்களில் வண்டி வைத்திருப்போரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு.

மூழ்கிய வண்டியின் சாவியைத் திருகவே கூடாது. நீர் அமுக்கத்துக்கு இணங்காது. சிலிண்டரில் அது தேங்கி நிற்கையில் பிஸ்டன் மேலெழுமாயின் கனெக்டிங் ராடு வளைந்து, யந்திரமே பாழாகும். முதலில் பாட்டரிக் கம்பியைக் கழற்றுக. பின்னர்ப் பிளக்குகளை எடுத்துவிட்டு, யந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால் நீர் அத்துளைகளின் வழியே வெளியேறும். எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிய பிறகே கிளப்புதல் வேண்டும். பிளக்கின் விலையைப் பார்க்க யந்திரத்தின் விலை எத்துணை மடங்கு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, சாதாரண காலத்து மாற்றம். நிக்கல் முனையுள்ள பிளக்கு ஏறத்தாழ 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரையிலும், இரிடியம் முனையுள்ளது 1,00,000 கிலோமீட்டர் வரையிலும் உழைக்கக்கூடும். எனினும் வண்டியுடன் வந்த கைப்புத்தகம் கூறுவதே முடிவானது. காலையில் கிளம்பச் சுணங்குதல், நடுவே விக்குதல், பெட்ரோல் மிகுதியாகச் செலவாதல் ஆகியவை தேய்வின் குறிகள். வேறு கோளாறுகளாலும் இவை தோன்றலாம்.

யந்திரம் நன்கு ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினியத் தலையின் மரை கெடும். குழியிலுள்ள தூசியை ஊதி நீக்கி, ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசை மாறாமல் வைத்து நோக்குக. முனை வெளிறிய பழுப்பாயின் நலம். உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்காயின் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருப்பின் மிகு சூடு. புதியதன் இடைவெளியைக் கைப்புத்தக அளவுடன் ஒப்பிட்டு, முதலில் விரலால் மட்டுமே திருகுக. இங்கே அவசரம் ஆகாது. மரை சாய்ந்து ஏறினால் செலவு பெரிது. வாஷர் உள்ள பிளக்கு விரலுக்கு நின்றபின் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று போதும். வாஷரின்றிச் சரிந்த அடியுள்ளதற்கு அதில் எட்டில் ஒரு பங்கே மிகுதி.

டீசல் டிராக்டரில் இப்பிளக்கு இல்லை. மருந்து தெளிக்கும் பெட்ரோல் யந்திரத்தில் உண்டு. எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடுவதாயின் அதில் கரி விரைவில் படிவதால், பருவந்தோறும் எடுத்துப் பார்த்தல் நன்று.