தேவாங்கு

மெலிந்த மாணவன் ஒருவன் விடை தெரியாது நின்றால், "ஏனடா தேவாங்குபோல முழிசுகிறாய்?" என்று கடிவது எம்போன்ற ஆசிரியர்க்கு வழக்கம். அவ்வாறு கடிந்த ஒரு நாள், "ஐயா, நீங்கள் தேவாங்கைக் கண்டிருக்கிறீர்களோ?" என அவன் பணிவுடன் வினவினான். அப்பொழுது விழித்து நின்றவர் யாமே. வெள்ளவத்தையிலிருந்து தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் பலமுறை சென்று யானையும் சிங்கமும் கண்டு களித்த யாம், இவ்வெளிய உயிரைத் தேடினோமல்லோம். பின்னர்க் கற்றவற்றுட் சிலவற்றை ஈண்டுக் கூறுவாம்.

மெலிந்த உடலுடைய இத்தேவாங்கு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மடகாசுக்கர்த் தீவின் இலெமூர்கள் அதன் தூரத்து உறவினர். நம் நாட்டில் இரு இனங்கள் உள. வறண்ட பகுதிகளில் வாழ்வது சாம்பல்நிறத் தேவாங்கு. தென்மேற்கின் மழைக்காடுகளில் வாழும் செந்தேவாங்கு இலங்கைக்கே உரியது. அதன் எடை 200 கிராமுக்கும் குறைவு. இவற்றுக்கு வெளித்தோன்றும் வால் இல்லை. பகலிற் சுருண்டு உறங்கி, இரவிற் கிளைகளைப் பற்றி ஓசையின்றி நகர்ந்து பூச்சிகளைப் பிடித்துண்ணும். நாம் எள்ளும் அப்பெருவிழிகளே இருளில் அதற்கு இரை காட்டுவன.

அவ்விழிகளே அதற்குக் கேடாகவும் முடிந்தன. வசியத்துக்கு உதவுமென நம்பி, அவற்றைப் பெறுதற்பொருட்டு இவ்விலங்கை நெருப்பருகே பிடித்து வதைத்தனர் என்னும் செய்தியை எமர்சன் தெனன்ற் 19ஆம் நூற்றாண்டிற் பதிந்துள்ளார். மடகாசுக்கரிலே ஐ-ஐ என்னும் விலங்கைத் தீநிமித்தமெனக் கொல்வதும் இத்தகைய பேதைமையே.

மூடநம்பிக்கையினும் பெருங்கேடு காடழிவு. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியற் பேராசிரியராயிருந்த ஒஸ்மன் ஹில், ஹோர்ட்டன் சமவெளியின் அடர்மயிர்த் தேவாங்கை 1942இல் விவரித்தார். மலைக்காடுகள் தேயிலைத் தோட்டங்களாக மாறிச் சுருங்கின. பல்லாண்டுகள் அரிதினும் அரிதாகவே தென்பட்டமையால் அது அழிந்ததோவென அறிஞர் ஐயுற்றனர். 2009இல் அது படம்பிடிக்கப்பட்டபோது உலகமே வியந்தது.

தமிழ்நாட்டிலே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேயர் நிலம் 2022இல் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் அதுவே.

சொல் மாத்திரம் நம் நாவில் எஞ்ச, அதன் பொருள் காட்டினின்றும் மறையுமாயின், அஃது உயிரியலார்க்கு மட்டுமன்றித் தமிழாசிரியர்க்கும் இழப்பே. அம்மாணவன் இன்று எங்குளனோ அறியோம். இம்மலர் அவன் கையை எட்டுமாயின், அன்று சொல்லத் தவறிய விடையாக இதனை ஏற்பானாக. மாணவரைக் கடிய யாமும் வேறு சொல் தேடிக்கொள்வோம்.