இரவல் தூக்கம்

நள்ளிரவு தாண்டிவிட்டது. விடுதியின் மொட்டை மாடியில் நாலைந்து மாணவர்கள். கஞ்சா அடைத்த சிகரெட் ஒன்று கைமாறிக்கொண்டிருக்கிறது. தில்லி, புனே, பெங்களூர் என்று பல வளாகங்களுக்கும் பழகிப்போன காட்சி. போதைக்காக என்று எல்லோரும் சொல்வதில்லை. ‘இது இல்லாவிட்டால் தூக்கம் வராது’ என்பதும் வழக்கமான பதில்.

அதில் பாதி உண்மை. கஞ்சாவின் போதைச் சத்தான டிஎச்சி (இஸ்ரேல் விஞ்ஞானிகள் 1964-ல் பிரித்தெடுத்தது) ஆரம்பத்தில் சீக்கிரம் கண்ணயரச் செய்கிறது. ஆனால் கனவு காணும் கட்டத் தூக்கத்தைக் குறைத்துவிடுகிறது. உடல் பழகப் பழக, நேற்றைய அளவு இன்று போதுவதில்லை.

சிக்கல் நிறுத்தும்போதுதான். ஓரிரு நாளில் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை. அடக்கி வைத்திருந்த கனவுகள் மொத்தமாகத் திரும்புகின்றன; பல நேரம் பயங்கரமாக. முதல் வாரம் உச்சம். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். தூக்கக் கோளாறு மட்டும் இன்னும் சில வாரம் நீளலாம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் தன் கையேட்டில் இதைத் தனிக் கோளாறாகவே சேர்த்தது. மாணவனுக்கு இது தெரியாது. கஞ்சாவை விட்டதால் வந்த தூக்கமின்மையைத் தன் பழைய நோய் என்று நினைக்கிறான். மூன்றாம் இரவு மறுபடி மாடியேறுகிறான்.

மனச்சோர்வு விஷயத்தில் எது முன்னே, எது பின்னே என்று சொல்வது கடினம். சோர்ந்த மனம் தூங்காது. தூங்காத மனம் சோரும். 2019-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் 11 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 18 வயதுக்குள் கஞ்சா புகைத்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 37 சதவிகிதம் கூடுதல். (நூற்றுக்கு 37 பேருக்கு வரும் என்பதல்ல; மற்றவர்களுக்கு இருப்பதைவிட அவ்வளவு அதிகம்.) கஞ்சாதான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் அதை மருந்தாக நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

‘காசியில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே பாங்கு விற்கிறதே!’ என்ற வாதமும் எழும். சட்டப்படி பாங்கு வேறு, கஞ்சா வேறு. செடி ஒன்றுதான், பாங்கிலும் டிஎச்சி உண்டு. எய்ம்ஸ் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டுக்குள் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்திய இந்தியர்கள் 3.1 கோடி. அதில் பாங்கு 2.2 கோடி, கஞ்சாவும் சரஸும் 1.3 கோடி. இரண்டையும் தொட்டவர்களும் உண்டு.

1985-ம் ஆண்டின் போதைப் பொருள் சட்டப்படி கஞ்சா புகைத்தாலே ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். வார்டனுக்குத் தெரிந்தால் விடுதியை விட்டே போக வேண்டியிருக்கும் என்ற பயம் வேறு. எனவே டாக்டரிடம் ‘தூக்கம் வரவில்லை’ என்பதோடு மாணவன் நிறுத்திக்கொள்கிறான். கஞ்சா பற்றி வாய் திறப்பதில்லை. தூக்க மாத்திரையோடு திரும்புகிறான்.

அதே சட்டத்தின் 64ஏ பிரிவு பலர் கண்ணில் படுவதே இல்லை. அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால், புகைத்த குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ வழக்குத் தொடர முடியாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். வளாக அறிவிப்புப் பலகைகளில் தண்டனையைக் கொட்டை எழுத்தில் போடுபவர்கள் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

நிறுத்த நினைப்பவர்கள் தேர்வு மாதத்தைத் தவிர்த்து, விடுமுறையில் தொடங்குவது உசிதம். அந்த இரண்டு வாரம் எப்படியிருக்கும் என்று அறைத் தோழனுக்கும் சொல்லி வைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநலத் தொலைபேசி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.