பசையை நீக்குவதிலும் பக்குவம் வேண்டும்

தனியார் வாகனங்களில் காவல்துறை, ஊடகம் என்றெல்லாம் எழுதி ஒட்டப்பட்ட ஸ்டிக்கர்கள் மீது சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுத்தது. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ அவற்றை அவசரமாகப் பிய்த்தவர் கண்டது இதுதான்: எழுத்து போயிற்று, பசை போகவில்லை.

பிளேடால் சுரண்டாதீர்கள். வண்ணத்தைக் காக்கும் மேற்பூச்சு கீறப்படும். கீறல் தகடுவரை சென்றால் கடற்காற்றில் துருவேறும். தின்னரும் வேண்டா, மறுவண்ணம் பூசிய இடத்தை அது கரைத்துவிடும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, முதலில் தூசியைக் கழுவுங்கள். வெந்நீரில் நனைத்த துணியைச் சற்றுநேரம் ஒற்றினால் ஸ்டிக்கர் இளகும். ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். எஞ்சிய பசைமேல் தேங்காய் எண்ணெய் தடவிக் கால்மணி நேரம் விடுங்கள். எண்ணெய் ஊறிப் பசையின் பிடி தளரும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்து, சோப்பு நீரால் கழுவி, மெழுகுப் பாலிஷ் இடுங்கள். பிடிவாதமான பசையெனில் மீண்டும் எண்ணெயிடுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். அதன் பின்னரும் ஸ்டிக்கரின் வடிவம் தெரிந்தால், அது அழுக்கன்று. சுற்றிலும் வெயிலில் வண்ணம் வெளிறியதன் தடம்.

இன்னொன்று: நம் வாகனங்களில் இறைவசனங்களையும் பயண துஆவையும் ஒட்டுகிறோம். அவை கிழியும்போது துண்டுகள் தெருவிலும் சாக்கடையிலும் விழலாகாது. ஒவ்வொன்றையும் சேகரித்து, கால்படாத தூய இடத்தில் புதையுங்கள். இதைப் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். கண்ணியத்தை அவர்கள் கண்ணால் கற்கட்டும்.

பதவியைக் காட்டிப் பெறும் வழி நமக்குத் தேவையில்லை. பிறருக்கு வழிவிட்டு ஓட்டுவதே முஸ்லிமுக்குரிய அடையாளம்.