திரை மஞ்சளாகத் தெரிந்தால்

பக்கத்து வீட்டுப் பையன் காயலான் கடையிலிருந்து 15 அங்குல மானிட்டர் ஒன்றைத் தூக்கி வந்திருந்தான். பழைய கேம்களை அந்தக் குண்டு மானிட்டரில்தான் பார்க்க வேண்டும் என்பது அவன் கட்சி. போட்டால் திரை முழுக்க மஞ்சள். "பிக்சர் டியூப் போயிடுச்சா அங்கிள்?" என்றான், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு. அதைக் கீழே வைக்கச் சொல்லி டீயைக் கொடுத்தேன்.

அந்த மஞ்சளே பாதி பதில். டியூபுக்குள் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலம் மட்டுமே. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள். ஆக, வராமல் போனது நீலம். திரை நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பைக் காணோம். ஊதாச் சிவப்பாக அடித்தால் பச்சையைக் காணோம். 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ இணைப்பில் இந்த மூன்றும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. 1-வது பின் சிவப்பு, 2 பச்சை, 3 நீலம்.

"கேபிளைக் கம்ப்யூட்டர் பக்கம் உருவிட்டு மானிட்டரை மட்டும் போடு." சிக்னல் இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது, நீலம் உட்பட எல்லா நிறமும் அதில் பளிச். (ரொம்பப் பழைய மானிட்டர்களில் இந்தப் பெட்டி வராது.) அப்படியென்றால் டியூப் நன்றாக இருக்கிறது. கேபிள் முனையை வெளிச்சத்தில் காட்டினால், மூன்றாவது பின் மடங்கிப் படுத்திருக்கிறது. யாரோ அவசரத்தில் கோணலாகச் செருகியிருக்கிறார்கள். இடுக்கியால் மெல்ல நிமிர்த்தினோம். "ஒன்பதாவது பின்னே இல்லையே அங்கிள்!" என்று பதறினான். பல கேபிள்கள் அது இல்லாமலேதான் வரும்.

திரை நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு படுக்கையாக நின்றால் கதை வேறு. எலக்ட்ரான் கற்றை இடவலமாக ஓடுகிறது, மேலும் கீழும் போகவில்லை. உடனே பிரைட்னஸைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கோடு பாஸ்பரில் தழும்பாகிவிடும். வருஷக்கணக்கில் சூடாகி ஆறியதில் கற்றையை மேலும் கீழும் இழுக்கும் வெர்ட்டிகல் ஐசியின் கால்களில் ஈயம் விட்டுப்போயிருக்கும், மெக்கானிக்குகள் 'டிரை சோல்டர்' என்பார்கள். இல்லையேல் ஒரு கண்டன்சர் வறண்டிருக்கும். குத்துக்கோடு மட்டும் அநேகமாக வருவதில்லை. இடவலமாக இழுக்கும் சர்க்யூட்டிலிருந்துதான் டியூபுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தமும் பிறக்கிறது. அது படுத்தால் திரையே இருண்டுவிடும்.

அந்த மின்னழுத்தம் கலர் டியூபில் சுமார் 25,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் தங்கியிருக்கும். அதனால் மூடியைக் கழற்றும் வேலை தெரிந்த மெக்கானிக்குக்கு மட்டும். இதில் நான் கறார்.

கேபிளை மாட்டியதும் வெள்ளை வெள்ளையாக வந்தது. இடது மூலையில் மட்டும் பச்சைத் திட்டு. பையன் முகம் மறுபடி வாடியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. அதில் காந்தம் ஏறினால் கற்றை தடம் மாறி வேறு நிறத்தில் விழும். அந்தக் காந்தத்தை நீக்க, மெனுவில் டீகாஸ் என்று இருந்ததை அழுத்தினான். 'தொங்ங்' என்றது, படம் நடுங்கி நின்றது, திட்டு அப்படியே இருந்தது. மறுபடி அழுத்தப் போனான். உள்ளே இருக்கும் தெர்மிஸ்டர் ஆற கால் மணி நேரமாவது விட வேண்டும் என்று தடுத்தேன்.

"அது இருக்கட்டும்," என்றேன், "மானிட்டரை ஒட்டி அந்த ஸ்பீக்கரை வெச்சது யாரு?"