செல்போனில் வாடிக்கை சேர்க்கலாம்

(வானொலிப் பேச்சு)



போரூரிலிருந்து பூந்தமல்லி போகும் டிரங்க் ரோட்டில் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் இறங்கினால் இன்றைக்குக் கண்ணில் படுவது மாடி வீடுகள்தாம். தாங்கல் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைத் தண்ணீரைத் தேக்கி வயலுக்கு விடுகிற சின்ன ஏரி. ஆக, பேரிலேயே பாசனம் உள்ள ஊர் இது. வயல் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் வருத்தம்தான். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அந்த மாடி வீடு ஒவ்வொன்றிலும் தினமும் அடுப்பு எரிகிறது. கீரை வேணும், கத்தரிக்காய் வேணும், பூஜைக்கு மல்லிகைப்பூ வேணும். குன்றத்தூர், திருமழிசைப் பக்கம் நாம் பறிக்கிற காய், இந்த வீடுகளைத் தாண்டி கோயம்பேடு போகிறது. அங்கே கை மாறி, வண்டி மாறி, மறுபடி இதே ரோட்டில் திரும்பி வந்து இந்த வீடுகளுக்குள் நுழைகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் நமக்குப் பங்கு கிடையாது.

அந்த வீட்டுக்காரரும் நீங்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள ஒரு சாதனம் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. செல்போனைத்தான் சொல்கிறேன். அதில் வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் என்று இருக்கிறதே, அதை வைத்து வாடிக்கையாளரைச் சேர்ப்பது எப்படி, சேர்த்தவரை விட்டுவிடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

"அதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். 1960-களில் வானொலிப் பெட்டியைப் பார்த்தும் இதையேதான் கேட்டார்கள். ஆனால் என்ன நடந்தது? ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தபோது, அதைப் பற்றித் திருச்சி வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டே தஞ்சாவூர் விவசாயிகள் விதைத்தார்கள். கடைசியில் அந்த நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பேர் வைத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1956-ல் பூனா பக்கத்தில் ஒரு சோதனை நடந்தது. யுனெஸ்கோ உதவியோடு 150 கிராமங்களில் வானொலி கேட்கும் சங்கங்கள் அமைத்தார்கள். கேட்பதோடு விடவில்லை. கேட்டு முடித்ததும் சங்கத்தார் உட்கார்ந்து பேசினார்கள், சந்தேகத்தை எழுதி நிலையத்துக்கு அனுப்பினார்கள், அதற்குப் பதிலும் வந்தது. அந்த மாதிரிப் போக்கும் வரவுமாக இருந்ததால்தான் சோதனை பலித்தது. இந்தப் போக்குவரத்து என்ற விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

இப்போது நம் பக்கத்துக் கதை. 2020 மே 5-ம் தேதி, கொரோனா பரவியதால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். சில நாள் கழித்துத் திருமழிசையில் தற்காலிக மார்க்கெட் திறந்தது. கோயம்பேட்டில் காய்கறிக் கடைகள் மறுபடி திறக்க செப்டம்பர் 28 ஆயிற்று. இடைப்பட்ட நாட்களில் சிறு விவசாயி பட்ட பாடு உங்களுக்கே தெரியும். நெல்லாக இருந்தால் மூட்டை பிடித்து வைக்கலாம். கீரையை என்ன செய்வது? விதைத்த இருபத்தைந்து நாளில் அறுக்கணும். விட்டால் முற்றிப் பூ வைத்துவிடும்.

குன்றத்தூர்ப் பக்கம் அறுபது சென்ட்டில் கீரை போடுகிற ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். மார்க்கெட் மூடிய வாரம் இரண்டு பாத்தி அரைக்கீரையை மாட்டுக்குப் போட்டார். மூன்றாவது பாத்தி அறுக்கும்போது அவர் மகள் ஒரு போட்டோ எடுத்து, "இன்று காலை அறுத்தது, கட்டு இன்ன விலை, நேரில் கொண்டுவந்து தருகிறோம்" என்று எழுதி, ஐயப்பன்தாங்கலில் குடியிருக்கும் அவளுடைய டீச்சர் ஒருவருக்கு அனுப்பினாள். அந்த அம்மா அதைத் தங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது கட்டு கேட்டுவிட்டார்கள். மறுவாரம் அடுத்த குடியிருப்பு. ஒரு மாதத்தில் இருநூறு வீட்டுக்குமேல் வாடிக்கை சேர்ந்தது. விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குப் போட்டோ அனுப்பவில்லை. தெரிந்த ஒருவர் மூலமாக நுழைந்தார். "எனக்குத் தெரிந்த பிள்ளை வீட்டுக் கீரை" என்று ஒரு வார்த்தை அந்த டீச்சரம்மா சொன்னார் பாருங்கள், அதுதான் முதல். நீங்களும் பால் ஊற்றுகிற வீடு, பிள்ளை வேலை செய்கிற ஆபீஸ், பேத்தி படிக்கிற பள்ளிக்கூடம் என்று யோசித்துப் பார்த்தால் அப்படி ஒருவர் கிடைக்காமல் போகமாட்டார்.

சரி, இதைச் செய்கிற முறையைச் சொல்கிறேன். உங்கள் போன் நம்பரை அவர்களுக்குக் கொடுத்ததும், "என் பேரைப் போட்டு உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள் அம்மா" என்று மறக்காமல் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை 256 பேர் வரை தனித்தனியாக அனுப்ப ஒரு வசதி உண்டு. பிராட்காஸ்ட் லிஸ்ட் என்பார்கள். ஆனால் உங்கள் நம்பரைப் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பதியாதவருக்குப் போகாது. நீங்களோ அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். குழு என்று ஆரம்பித்தால் 1024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அதில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பலர் அதை விரும்பமாட்டார்கள். ஆகவே விற்பனைக்கு லிஸ்ட்டும், விவசாயிகளுக்குள் பேசிக்கொள்ளக் குழுவும் நல்லது என்பது என் அபிப்பிராயம். வியாபாரத்துக்கென்றே வாட்ஸ்அப் பிசினஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, இலவசம்தான். அதில் உங்கள் சரக்கு, விலை, படம் எல்லாம் கடைப் பலகை மாதிரி எழுதி வைக்கலாம்.

போட்டோ எடுக்கும்போது விடியற்காலை வெளிச்சத்தில், வயலிலேயே எடுங்கள். பக்கத்தில் உங்கள் கையாவது முகமாவது தெரியட்டும். கடையில் பாலிதீன் பையில் இருக்கிற கீரையை அவர்கள் தினம் பார்க்கிறார்கள். மண் ஒட்டிய வேரோடு பார்ப்பது அபூர்வம். என்ன உரம் போட்டீர்கள், எப்போது மருந்து அடித்தீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மருந்து அடித்துவிட்டு "இயற்கை" என்று எழுதுவது வேண்டாம். வாரம் இரண்டு நாள், குறித்த நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளி காலை ஏழு மணி என்றால் அந்தந்த நாளில் அந்த நேரத்துக்குச் செய்தி போகணும். வானொலியில் நிகழ்ச்சி நேரம் தவறினால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

பெரிய அளவில் செய்தவர்களும் நம்மிடையே உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து விவசாயக் குடும்பம் அது. வயலில் வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று யோசித்து, தாத்தா பெரியதம்பியும் பேரன்மார்களும் சேர்ந்து 2018-ல் யூடியூபில் "வில்லேஜ் குக்கிங் சேனல்" ஆரம்பித்தார்கள். திறந்த வெளியில், பெரிய பாத்திரத்தில், ஊர்ச் சமையல். சமைத்ததை முதியோருக்கும் ஆதரவில்லாதவர்களுக்கும் பரிமாறுவார்கள். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே வருஷம் ஜூலையில் ஒரு கோடிப் பேர் சந்தாதாரர் ஆனார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது இவர்கள்தாம். வருமானத்திலிருந்து பத்து லட்ச ரூபாயை முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எல்லாரும் அடுப்பும் கேமராவுமாகக் கிளம்பிவிடாதீர்கள்! யூடியூபில் விளம்பர வருமானம் வர வேண்டுமானால் குறைந்தது ஆயிரம் சந்தாதாரர் வேணும். ஒரு வருஷத்துக்குள் உங்கள் படங்களை ஜனங்கள் மொத்தம் 4000 மணி நேரம் பார்த்திருக்கணும். லேசான காரியம் இல்லை. நான் அவர்களைச் சொன்னது வேறு காரணத்துக்காக. அவர்கள் ஆங்கிலமும் பேசவில்லை, கோட்டும் போடவில்லை. தெரிந்த தொழிலைத் தெரிந்த பேச்சில் செய்து காட்டினார்கள். ஒரு படம் ஓடியதும் வேறு வேஷத்துக்குத் தாவவும் இல்லை. பதியம் போடுவது, மல்லிகைக்குக் கவாத்து செய்வது, முற்றாத வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்ப்பது, இதெல்லாம் உங்களுக்குச் சாதாரணம். மாடித்தோட்டம் போடுகிற பட்டணத்து அம்மாவுக்கு அது தெரியாது. இரண்டு நிமிஷம் காட்டினால் கண்கொட்டாமல் பார்ப்பார்.

விலைக்காக விவசாயிகள் தங்களுக்குள் சேர்ந்துகொண்டதும் உண்டு. 2012-ல் மகாராஷ்டிரத்துச் சாங்கலியில் மஞ்சள் விலை சரிந்தபோது, விவசாயிகள் பேஸ்புக்கில் பேசி வைத்துக்கொண்டு ஏலத்துக்குச் சரக்குக் கொண்டுபோகாமல் நிறுத்திப் பார்த்தார்கள். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்களுக்கு இது புரியும்.

இனி, கெட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் கதை என்னுடையது. எங்கள் வட்டார விவசாயிகளுக்கென்று நான் ஒரு குழு ஆரம்பித்தேன். முதல் மாதம் பூச்சி படம், உர இருப்பு, மழைச் செய்தி என்று நன்றாக நடந்தது. பிறகு காலை வணக்கம், ரோஜாப்பூ, சினிமா, அரசியல் எல்லாம் வந்து சேர்ந்தது. நானும் நாகரிகம் கருதி ஒன்றும் சொல்லவில்லை. தைமாதம் நெல்லில் புகையான் எச்சரிக்கை போட்டேன். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, அத்தனை ரோஜாப்பூவுக்கு அடியில் புதைந்துபோயிற்று. இரண்டு பேர் வயல் வட்ட வட்டமாகக் காய்ந்த பிறகுதான் ஆபீசுக்கு வந்தார்கள். இப்போது நடத்துகிற குழுவில் முதல் நாளே சொல்லிவிட்டேன்: விவசாயம் தவிர வேறு செய்தி போட்டால் எடுத்துவிடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று. கேள்வி கேட்டால் அன்றைக்கே பதில் சொல்கிறேன். தெரியாவிட்டால் கேட்டுச் சொல்கிறேன் என்கிறேன். பூனாவில் போக்கும் வரவுமாக நடந்ததாகச் சொன்னேனே, அதுதான் இது.

இரண்டாவது, அந்தக் கீரை அண்ணன் கதை. வடகிழக்குப் பருவமழையில் பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று கீரை அழுகிவிட்டது. வாடிக்கை போய்விடுமே என்ற பயத்தில், மார்க்கெட்டில் கீரை வாங்கித் தன் வயல் கீரை என்று கொடுத்துவிட்டார். ஒரு வீட்டில் கட்டைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் இலை. அவர்கள் அதைப் போட்டோ எடுத்து, முன்னே எந்தக் குழுவில் இவர் கீரையைப் புகழ்ந்தார்களோ, அதே குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரே ராத்திரியில் பாதி வாடிக்கை போயிற்று. நல்ல பேர் எந்த வழியாக வந்ததோ அதே வழியாகக் கெட்ட பேரும் வந்தது. அவர் என்னிடம் வந்து, "என்ன செய்யட்டும் சார்?" என்றார். தண்ணீர் நிற்கிற பாத்தியைப் படம் பிடித்து, நடந்ததை நடந்தபடி எழுதிப் போடுங்கள் என்றேன். தயங்கித் தயங்கிப் போட்டார். எல்லாரும் திரும்பவில்லை. ஒரு ஐம்பது வீடு திரும்பி வந்தது. இப்போது மழை நாளில் "இன்று கீரை இல்லை, மன்னிக்கவும்" என்று காலையிலேயே எழுதிவிடுகிறார். அதற்கும் "பரவாயில்லை அண்ணா" என்று பதில் வருகிறதாம்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும் சொல்லணும். "மிலிட்டரி கேம்ப்பிலிருந்து பேசுகிறேன், ஐந்நூறு கிலோ தக்காளி வேணும், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டம் போட்ட படத்தை ஸ்கேன் செய்யுங்கள்" என்று போன் வரும். செய்தால் பணம் வராது, உங்கள் பணம் போகும். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய நம்பர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. பணம் கொடுக்கத்தான் அழுத்தணும். ஓ.டி.பி. நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். தப்பித் தவறி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை மடக்க வாய்ப்பு அதிகம்.

அதே மாதிரி, போனில் பார்த்த வைத்தியத்தை அப்படியே பயிருக்குச் செய்யாதீர்கள். நாலு மருந்தை ஒன்றாகக் கலந்து அடித்தால் எல்லாப் பூச்சியும் போகும் என்று ஏதோ ஒரு படத்தில் பார்த்துவிட்டு அடித்து, கத்தரி இலை மொத்தமும் கருகிப்போய் ஒருவர் என்னிடம் வந்தார். பூச்சி போயிற்றா என்றேன். "செடியே போயிடுச்சு சார்" என்றார். சந்தேகமென்றால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் நம்பருக்குக் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணிக்குள் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பதில் சொல்வார்கள். தமிழக அரசின் உழவன் செயலியும் 2018-லிருந்து இருக்கிறது. மார்க்கெட் விலை, மானியம், உர இருப்பு எல்லாம் அதில் பார்க்கலாம். வாடிக்கையாளருக்கு விலை சொல்லும் முன் அன்றைய மார்க்கெட் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கொஞ்சம் கூட்டி, கடை விலையைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் இரு தரப்புக்கும் கட்டுப்படியாகும். ஊறுகாய், பொடி, செக்கெண்ணெய் என்று செய்து விற்கிற தாய்மார்கள் மட்டும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

முதலில் பத்து வீடு போதும். பத்து வீட்டுக்கு மூன்று மாதம் தவறாமல் கொடுத்துப் பழகிய பிறகு இருபதாக்குங்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடத் தெரியாதவர்கள் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாங்க. வரும்போது போனை சார்ஜ் போட்டு, வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் கூடவே கூட்டிக்கிட்டு வாங்க. பத்து நிமிஷ வேலை.