ஸ்பீக்கருக்கு டபுள் ஒயர்... பட்டையை கழற்ற மறந்தா ஆம்ப்ளிபயர் 'அவுட்'!

சென்னை: அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வருகிறார்கள். வீட்டுக்கு வந்து பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஷாக்! ஒயர் மாட்ட 2 முனைதானே இருக்கணும்? இதில் 4 இருக்கிறதே என்று பலரும் குழம்பிப் போகிறார்கள். 'டபுள் ஒயர் போட்டாத்தான் சவுண்டு பிச்சுக்கிட்டு வரும்' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். ஒயர் செலவு இரண்டு மடங்காகி விடும்.

எதற்கு 4 முனை?

ஸ்பீக்கர் பெட்டிக்குள் பெரிய வட்டமாக இருப்பது 'ஊபர்'. கனமான சத்தம் இதிலிருந்து வரும். சின்னதாக இருப்பது 'ட்வீட்டர்'. கீச்சு சத்தம் இதன் வேலை. இரண்டுக்கும் சத்தத்தை பிரித்துக் கொடுப்பது 'கிராஸ்ஓவர்' என்ற சர்க்யூட். மேலே உள்ள 2 முனைகள் ட்வீட்டருக்கு, கீழே உள்ள 2 முனைகள் ஊபருக்கு. இந்த மேல், கீழ் முனைகளை சின்ன உலோகப் பட்டைகள் இணைத்திருக்கும். பட்டை இருக்கும்வரை ஒரே ஜோடி ஒயர் போதும்.

பட்டையை கழற்றிவிட்டு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என தனித்தனி ஒயர் கொண்டு போய் ரிசீவரில் மாட்டுவதுதான் 'பை-ஒயரிங்'.

மாட்டுவது எப்படி?

முதலில் ரிசீவரை ஆப் செய்து, பிளக்கையும் பிடுங்கி விடுங்கள். ஒயர் நுனியில் சுமார் 1 செ.மீ. மட்டும் உரித்து, கம்பிகளை நன்றாக முறுக்குங்கள். சிவப்பு முனைக்கு சிவப்பு, கறுப்புக்கு கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினாலும் 'பேஸ்' சத்தம் காணாமல் போய்விடும். பிசிறு கம்பி பக்கத்து முனையில் உரசினால் ஷார்ட் ஆகும், உஷார்!

ரிசீவர் பக்கத்தில் இரண்டு ஜோடி ஒயரையும் ஒரே முனையில் சேர்த்து மாட்டலாம். ஏ, பி என 2 செட் முனைகள் இருந்தால் தனித்தனியாகவும் மாட்டலாம். அப்போது ஏ, பி இரண்டையும் 'ஆன்' செய்ய வேண்டும். சில ரிசீவர்களில் ஏ, பி சேர்ந்தால் தொடர் இணைப்பாகிவிடும். அதில் இது சரிப்படாது. எனவே மேனுவலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பட்டையை கழற்றிவிட்டு ஒரே ஜோடி ஒயர் மாட்டினால் ஊபர் அல்லது ட்வீட்டர் ஏதாவது ஒன்றுதான் பாடும். ஸ்பீக்கர் ரிப்பேர் என்று பதற வேண்டாம்.

ஆபத்து எங்கே?

பை-ஒயரிங்கில் பட்டையை கழற்ற மறந்தாலும் எதுவும் எரியாது. இரண்டாவது ஒயர் போட்டது வீண், அவ்வளவுதான். ஆனால் 'பை-ஆம்ப்' என்று இன்னொன்று இருக்கிறது. ஹோம் தியேட்டர் ரிசீவர் பலவற்றில் இந்த வசதி உண்டு. இதில் ஊபருக்கு ஒரு ஆம்ப்ளிபயர், ட்வீட்டருக்கு வேறொரு ஆம்ப்ளிபயர். இங்கே பட்டையை கழற்றாவிட்டால் 2 ஆம்ப்ளிபயர்களின் அவுட்புட்டும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால் ரிசீவர் தானாக ஆப் ஆகும். இல்லாவிட்டால் உள்ளே டிரான்சிஸ்டர் புகைந்துவிடும்.

காசுக்கேற்ற பலன் உண்டா?

2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 5 மீட்டர் தூரம் போய்வர, அதன் மின்தடை சுமார் 0.07 ஓம்தான். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை இரண்டாக்கி மிச்சம் பிடிப்பதில் காதுக்கு தெரியும் அளவுக்கு வித்தியாசம் வருவது கஷ்டம். 2012ல் வந்து பேர் வாங்கிய கெப் நிறுவனத்தின் எல்எஸ்50 ஸ்பீக்கரில் ஒரே ஜோடி முனைதான் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எனவே பட்டை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நல்ல கனமான செம்பு ஒயர் ஒரு ஜோடி வாங்கினால் போதும். வீட்டில் ஏற்கனவே ஒயர் மிச்சம் இருந்தால் பை-ஒயரிங் செய்து பார்ப்பதில் தப்பில்லை. அதற்காக பர்சை காலி செய்ய வேண்டாம். மிச்சமாகும் காசில் ஸ்பீக்கருக்கு நல்ல ஸ்டாண்டு வாங்கி, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே காதில் விழும்!